நோரா பதில் சொல்லாத மூலை

மொன்றியலின் லாசால் பகுதிக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் எல்லோருக்கும்,

"அக்கா, புதுப் பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோ" என்று உங்கள் மேற்பார்வையாளர் கேட்டுக் கனகாலமாகிறது. ஓவியத்தை எப்படித் தூக்குவது, மட்டம் எப்படிப் பார்ப்பது, கையுறையை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதையெல்லாம் அவரே உங்களுக்குக் காட்டித் தருவார். அதை நான் எழுதினால் நீங்கள் வாசிக்கப் போவதில்லை. உங்கள் வயதில் நானும் வாசிக்கவில்லை.

நான் எழுத நினைத்தது வேறு. ஓவியங்களைக் கட்டி, லொறியில் ஏற்றி, கண்காட்சிக் கூடங்களின் சுவரில் மாட்டுவது நம் வேலை. இதில் கை தவறி நாசமானவற்றை நான் அதிகம் கண்டதில்லை. கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளைக் கேட்டதால் நாசமாகப் பார்த்தவைதான் அதிகம். அப்படியான ஒரு நாளைச் சொல்கிறேன். இதில் வருகிறவர்களில் பலர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசியவர்கள். ஆனால் என் வாயால் வரும்போது எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு நடந்தது. பழைய நகரத்தில், முன்பு வங்கியாக இருந்த ஒரு கட்டடத்தில் கண்காட்சி. அவுஸ்திரேலியாவின் பாலைவனத்தில் வாழும் ஆதிக்குடிப் பெண்கள் வரைந்த ஓவியங்களை அங்கே மாட்ட நம் கொம்பனியை அமர்த்தியிருந்தார்கள். நானும் சிவநேசன் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் போயிருந்தோம். சிவநேசன் அண்ணையை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். தச்சு வேலை, லொறி ஓட்டம், சிரிக்க வைக்கிற பகிடி மூன்றும் அவருடைய பொறுப்பு.

மற்ற ஓவியங்களையெல்லாம் மாட்டி முடித்துவிட்டோம். எல்லாவற்றிலும் பெரிய ஒன்று மட்டும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, திறப்பு விழா அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. சுருட்டி வந்த துணியை நிலத்தில் விரித்தோம். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள், எண்ணவே முடியாத புள்ளிகள். அவற்றுக்கு நடுவே வட்டங்கள். ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கோடுகள். வேலைக்காரர், காவலாளி, சுத்தம் செய்ய வந்தவர் எல்லோரும் வந்து சுற்றி நின்றுவிட்டோம். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஓவியங்களைத் தூக்கியிருக்கிறேன். தூக்குகிறோம் என்பதை மறந்து பார்த்தவை சிலதான், அவற்றில் இது ஒன்று.

அதை வரைந்தவர்கள் எட்டுப் பெண்கள். அவர்களில் இரண்டு பேர் மொன்றியலுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் நோரா. எழுபதை நெருங்கும் வயது, பேர் பெற்ற ஓவியர். கம்பளித் தொப்பியும் யாரோ இரவல் கொடுத்த பெரிய குளிர் அங்கியுமாக ஒரு மரப்பெட்டியின் மேல் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாதவர். மற்றவள் லீனா. நாற்பது வயதிருக்கும், நோராவை ஆன்ரி என்று கூப்பிடுவாள். நோராவுக்குப் பின்னால் நின்றாளே தவிர முன்னால் வரவில்லை.

"துணியை மண்ணில விரிச்சுப்போட்டுச் சுத்தி இருந்துதான் கீறினனாங்கள்" என்றார் நோரா. "வட்டம் தண்ணி ஊறுற இடம். கோடு நடந்த பாதை. இந்தா, இது என்ர அப்பாவின்ர ஆக்களின்ர இடம், இதை நான் கீறினனான். அங்கால இருக்கிறது மற்றவளின்ர. அதில நான் கை வைக்கேலாது. வைச்சா அது களவு."

அந்த ஓவியம் பிறந்த கதையையும் அவரே சொன்னார். ஒரு சுரங்கக் கொம்பனி அவர்களுடைய மண்ணைத் தோண்டக் கேட்டிருக்கிறது. அதிகாரிகள் வந்து, இந்த நிலம் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். பெண்கள் செய்தது இதுதான். இந்தத் துணியை வரைந்து, கூட்டம் நடந்த கொட்டகையில் விரித்து, ஒவ்வொருத்தியும் தன் குடும்பத்து இடத்தின் ஓரத்தில் போய் இருந்துவிட்டார்கள்.

"எழும்பச் சொன்னவை. நாங்கள் எழும்பேல்லை" என்று சொல்லி நோரா சிரித்தார். வழக்கு இன்னும் முடியவில்லையாம்.

இனி நம் வேலைக்கு வருவோம். துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தைக் கூடத்தார் தந்த அளவுக்குச் செய்து வைத்திருந்தோம். அவர்கள் தந்தது சுவரின் அளவு. துணியோ அதைவிட இரண்டு முழம் அகலம். சுவரின் இரண்டு பக்கமும் வாசல். வேறு பெரிய சுவரும் இல்லை.

கூடத்தின் சார்பில் கண்காட்சியை ஒழுங்கு செய்தவர் கத்ரின். நல்ல மனிசி. இந்தப் பெண்களின் ஓவியங்களை இங்கே கொண்டுவருவதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அன்று அவர் முகத்தில் இரத்தமே இல்லை. கொஞ்ச நேரம் துணியைச் சுற்றி நடந்துவிட்டு வலது ஓரத்தில் வந்து நின்றார்.

"இந்தப் பக்கத்தை ரெண்டு முழம் சட்டத்துக்குப் பின்னால மடிச்சுக் கட்டினா என்ன? இதில பெரிசா ஒண்டும் இல்லைத்தானே" என்றார்.

பார்த்தால் அவர் சொன்னது சரிபோலத்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் புள்ளிகள் நெருங்கிக் கிடக்க, வலது மூலையில் ஒற்றை வட்டமும் அதைச் சுற்றி ஐதாகக் கொஞ்சப் புள்ளிகளும்தான். ஓரத்தை விரலளவு மடிப்பது நம் தொழிலில் வழக்கம். இரண்டு முழம் மடித்தால் அந்த வட்டம் முழுதாகப் பின்னால் போய்விடும்.

கத்ரின் கேட்காமல் செய்யவில்லை. கேட்காமலே மடிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன், அவர் அந்த வகை இல்லை. நோராவிடம் போய், குனிந்து, மரியாதையாகவே கேட்டார். நோரா கோப்பையைக் கீழே வைத்தார். மேலே அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. கத்ரின் இன்னொரு தரம் கேட்டார். நோரா தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். மறுத்துச் சொல்லாததால் சம்மதம் என்று கத்ரின் எடுத்துக்கொண்டார். பிறகு லீனாவிடம் திரும்பி, "உங்கட ஆன்ரிக்குச் சரி. உங்களுக்கும் சரிதானே?" என்றார்.

"பரவாயில்லை. மடியுங்கோ" என்றாள் லீனா.

ஒரு ஆளின் மௌனம், ஒரு ஆளின் சம்மதம், மேலதிகாரியின் உத்தரவு. வேலையைத் தொடங்க வேறென்ன வேண்டும்? சிவநேசன் அண்ணை சட்டத்தைத் தூக்கியே விட்டார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. காலையிலிருந்து அந்த மனிசி ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பகிடி விட்டுக்கொண்டிருந்தார். கூடத்துக் காவலாளிக்குப் பெண் பார்த்துத் தருவதாகக்கூடச் சொன்னார். இந்த மூலையைப் பற்றிக் கேட்டதும் மட்டும் ஏன் வாய் மூடிப்போயிற்று?

நான் லீனாவிடம் போனேன். "பிள்ளை, நோரா உமக்கு என்ன முறை?"

"ஆன்ரி."

"அது விளங்குது. அப்பாவின்ர அக்கா தங்கச்சியோ, அம்மாவின்ர அக்கா தங்கச்சியோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இஞ்ச வந்த நாள் தொட்டு இதை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.

இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. நம் வீடுகளில் வளர்ந்த யாரும் கேட்கிற கேள்விதான். அப்பாவோடு பிறந்த மாமி வேறு, அம்மாவோடு பிறந்த பெரியம்மா வேறு. ஒரு கலியாண வீட்டில் மாமி செய்ய வேண்டியதைப் பெரியம்மா செய்யப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பேரும் ஆன்ரி. கத்ரின் ஒரு ஆன்ரியைக் கேட்டார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

லீனா விளக்கமாகச் சொன்னாள். நோரா அவளுக்கு அம்மா முறை, நம் பெரியம்மா மாதிரி. மூலையில் இருக்கும் இடமோ அவளுடைய அப்பாவின் ஆட்களுக்கு உரியது. லீனாவின் அப்பாவழி நிலத்தைப் பற்றி நோரா ஓம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. அதனால்தான் கூரையைப் பார்த்தார். பேச உரிமை உள்ளவர் அப்பாவின் அக்கா, நம் முறையில் மாமி. முழங்கால் வருத்தத்தால் அவர் பயணம் வரவில்லை.

"அப்ப நீர் ஏன் மடிக்கச் சொன்னனீர்? உம்மட அப்பாவின்ர இடமெல்லே?"

அவள் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அப்பா சின்னப் பொடியனாக இருந்தபோது அரசாங்கத்து ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நாளில் ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோவது அங்கே சட்டமாம். தூரத்தில் ஒரு விடுதியில் வளர்த்தார்கள். அவர் திரும்பி வரவே இல்லை, நகரத்திலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் லீனா அந்த ஊரைத் தேடிப் போயிருக்கிறாள். மொழி தெரியாது, முறை தெரியாது. அவள் போன நேரம் துணியில் மற்ற ஏழு இடமும் வரைந்து முடிந்திருந்தது. மூலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. உரிய ஆள் இல்லாததால் ஒருத்தரும் கை வைக்கவில்லை. மாமி அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மூலையில் இருத்தி, கையில் தூரிகையைக் கொடுத்தார்.

"எனக்குக் கீறிப் பழக்கமில்லை. பாருங்கோ, புள்ளியெல்லாம் கோணல். எட்டில என்ரதுதான் வடிவில்லாதது. மடிச்சா ஒண்டும் குறையாது" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கொம்பனிக்காரன் தோண்டக் கேக்கிறதும் இந்த மூலையைத்தான். இதில ஆளில்லை, காலியான இடம் எண்டு சொல்லுறான்."

எனக்குச் சரியான கோபம் வந்தது. ஊரில் எங்கள் வீட்டு வளவை ஆமிக்காரர் வேலி போட்டு எடுத்தபோதும் ஆளில்லாத காணி என்றுதான் சொன்னார்கள். ஆட்களைத் துரத்திவிட்டு ஆளில்லை என்று சொல்லும் கதை எனக்குப் புதிதில்லை. இந்த மூலையை நாங்கள் மடித்துக் கட்டினால் நாளைக்குப் பேப்பரில் வரும் படத்திலும் அது இருக்காது. கொம்பனிக்காரன் சொல்வதை நாங்களே ஆணி அடித்து உறுதிப்படுத்தியதாக ஆகும். அதைவிட எனக்கு வலித்தது, அதற்குச் சம்மதம் சொன்னவள் இவளாக இருந்ததுதான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். வாயால் சொன்ன சம்மதத்தையும் சில நேரம் எடுக்கக்கூடாது. வெட்கத்தில் சொல்கிற ஓம் இருக்கிறது, பயத்தில் சொல்கிற ஓம் இருக்கிறது, உங்களுக்கு நேரமில்லை என்று இரக்கப்பட்டுச் சொல்கிற ஓமும் இருக்கிறது. உங்களுக்கு வசதியான பதில் வந்த உடனே ஒரு தரம் கூடுதலாகக் கேளுங்கள்.

"சாமானைக் கீழ வையுங்கோ" என்று நம் ஆட்களுக்குச் சொன்னேன். கத்ரினிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மரப்பெட்டியில் இருந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கூடத்தின் இயக்குநர் வந்தார். விருந்தினர் வரும் நேரம் நெருங்குகிறது, இப்போது என்ன குடும்ப ஆராய்ச்சி என்று கேட்டார்.

"நான் இதை மடிக்க மாட்டன். மடிக்கிறதெண்டா வேற ஆளைக் கூப்பிடுங்கோ" என்றேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். அந்தக் கூடம் நம் கொம்பனிக்கு எவ்வளவு வேலை தந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

சிவநேசன் அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா மடிக்கேல்லையெண்டா நானும் மடிக்கேல்லை. எனக்கு இடுப்பும் நோகுது" என்றார்.

இப்போது மாமியிடம் கேட்க வேண்டும். இங்கே பின்னேரம் என்றால் அங்கே விடிந்திருக்கும். லீனா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றாள்.

"என்ன பிள்ளை?"

"மடிக்கச் சொன்னா என்ன செய்யிறது? என்னை அந்த இடத்தில இருத்தினது பிழையெண்டு சொன்னா?"

அவளுடைய பயம் அதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "அப்பிடிச் சொன்னா நானே வடிவா மடிச்சுத் தாறன். முதல்ல கேளும்" என்றேன்.

திரையில் மாமி வந்தார். வீட்டுக்கு வெளியே கதிரையில் இருந்தார், பக்கத்தில் ஒரு நாய். நோரா எழும்பிக் கூடத்தின் மறுகோடிக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். லீனா நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். மாமி துணியைக் காட்டச் சொன்னார். சிவநேசன் அண்ணை ஏணியில் ஏறித் தொலைபேசியைத் துணிக்கு மேலாக மெதுவாகக் கொண்டுபோனார். ஒவ்வொரு வட்டம் வரும்போதும் மாமி தாழ்ந்த குரலில் எதையோ பாடினார். வலது மூலை வந்ததும் பாட்டு நின்றது.

பிறகு மாமி ஆங்கிலத்தில் பேசினார். லீனாவுக்கு இல்லை, எங்கள் எல்லோருக்கும்.

"அதில என்ர தம்பி இருக்கிறான். எத்தினை தரம் அவனைக் கொண்டுபோய் ஒளிக்கப் போறியள்?"

லீனா முகத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். நான் அழுதேன். கத்ரின் அழவில்லை. எழும்பிச் சுவரைப் பார்த்தார், இரண்டு பக்க வாசல்களையும் பார்த்தார்.

"வாசலுக்கு மேலால போட ஏலாதோ?" என்று சிவநேசன் அண்ணை ஏணியில் இருந்தபடியே கேட்டார். பகிடியாகக் கேட்டாரோ உண்மையாகக் கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கத்ரின் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம். வலது பக்க வாசலை மூடுவம்" என்றார்.

இயக்குநர் துள்ளினார். அந்த வாசலுக்கு அப்பால் இருந்த அறையில்தான் விருந்தினருக்கு வைன் வைத்திருந்தார்கள். அதை மூடினால் வைன் குடிக்கிற பெரிய மனிதர்கள் எல்லோரும் கழிப்பறைக்கு முன்னால் உள்ள நடையால் சுற்றித்தான் கூடத்துக்குள் வர வேண்டும். "அமைச்சரும் கழிப்பறையைச் சுத்தியோ வாறது?" என்று கேட்டார். "அவரும்தான்" என்றார் கத்ரின். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டு, அந்த அறைக்கு வேறு வெளிவாசல் இருக்கிறது என்று அவர் வாயால் உறுதி வாங்கினார். நடந்த பிழைக்குத் தானே பொறுப்பு என்றும், அளவைத் தான்தான் தந்தது என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் அன்றிலிருந்து அந்த மனிசிக்கு எந்த வேலை என்றாலும் முகம் சுளிக்காமல் போனேன்.

சிவநேசன் அண்ணை லொறியை எடுத்துக்கொண்டு லாசாலுக்குப் பறந்து போய் மரம் கொண்டுவந்தார். சட்டத்தை நீட்டினோம். எப்படி நீட்டினோம் என்பதை அவரிடமே கேளுங்கள், ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்வார். முதல் விருந்தினர் படியேறும்போது நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடினோம். ஓவியம் சுவரைத் தாண்டி வாசலையும் மூடிக்கொண்டு நின்றது. லீனாவின் வட்டம் வாசலுக்கு நேரே வந்திருந்தது.

வழக்கமாக நாம் திறப்பு விழாவுக்கு நிற்பதில்லை. அன்று கத்ரின் விடவில்லை. வேலை உடுப்போடே ஒரு தூண் ஓரமாக நின்றோம். ஒரு பத்திரிகைக்காரி நோராவைப் பிடித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நோரா பழையபடி வாய் ஓயாமல் பேசினார். வலது மூலையைக் காட்டி, அது என்ன இடம் என்று அவள் கேட்டதும் நோரா கூரையைப் பார்த்தார்.

"பொறுங்கோ. அதைச் சொல்லுற ஆள் வேற" என்று கத்ரின் குறுக்கே வந்தார். குளிர் அங்கிகள் தொங்கவிட்ட இடத்தில் ஒதுங்கி நின்ற லீனாவைத் தேடிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

லீனா ஓவியத்தின் மூலைக்கு முன்னால் வந்து நின்றாள். புள்ளிகளைப் பார்த்தாள், திரும்பிக் கத்ரினைப் பார்த்தாள். பத்திரிகைக்காரி காத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம், மூடிய வாசலுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று சட்டத்தில் தட்டினார்கள். வைன் அறையிலிருந்து வந்த ஒரு கனவானாக இருக்க வேண்டும். எட்டிப் பார்க்க முடியாமல் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்டார்.

"இதால வர ஏலாதோ?"

நான் போய்ப் பதில் சொல்லக் காலெடுத்து வைத்தேன். லீனா எனக்கு முந்திவிட்டாள்.

"ஏலாது" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "இதில ஆள் இருக்கு."